மரம் விழாத வளைவு

தாயி,

நீ ரயிலேறி இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாய். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே மழையா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் போனை உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சொல்ல வேண்டியதை வாயால் சொல்லப் போனால் நடுவில் ஒரு கிண்டலைப் போட்டு நழுவிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். உன் பன்னிரண்டாம் வகுப்பு நோட்டு ஒன்றில் பின்பக்கம் காலியாக இருந்தது. முன்பக்கம் நீ வரைந்த தவளை வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கிறது, பின்பக்கம் நான். பூப்பாறையில் ஜீப்பை நிழலில் போட்டுவிட்டு, ஏலக்காய் எடுக்கப் போன பொம்பளைகள் திரும்பி வருகிற வரைக்கும் ஸ்டீயரிங் மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இங்கிலீஷில் வேகமாகப் படித்துப் பழகிய கண்ணை வைத்துக்கொண்டு இதிலும் வேகமாக ஓட்டாதே, கவிழ்ந்துவிடுவாய்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஜீப்பில் நீ கேட்டபோது நான் சொன்ன யோசனை தப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ அந்தப் பத்திரிகைக்கு எழுதிவிடு. அதில் வந்த உன் ஆராய்ச்சிக் கட்டுரையில் இன்ன இடம் தப்பு என்று நீயே, உன் பேரிலேயே எழுதிவிடு. ஏன் சொல்கிறேன் என்பதற்குத்தான் மிச்சப் பக்கங்கள். இதை யார் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஜீப் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்த கதையாகிவிட்டது. உனக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது.

உன் எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது என் போனில் எதையோ தட்டி, "இந்தப் பக்கத்தத் தொறந்தா என் பேரு வரும்ப்பா, பக்கத்துல ஒரு எண்ணு வரும்" என்றாய். "அதென்ன தாயி, கரண்டு மீட்டரா?" என்று கேட்டேன். நீ சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னாய். உன்னை மாதிரி ஆராய்ச்சி செய்கிற இன்னொருவர் புதிதாக ஒன்று எழுதும்போது, இன்ன விஷயத்தை இன்னார் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறார் என்று உன் கட்டுரையைக் குறிப்பிடுவாராம். அப்படி எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்பதுதான் அந்த எண்ணாம். அதை வைத்துத்தான் உங்கள் உலகத்தில் ஆளை எடை போடுவார்களாம். அன்றிலிருந்து தினமும் காலையில் ஜீப்புக்குச் சாவி போடுவதற்கு முன் இரண்டு எண்ணைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒன்று ஏலக்காய் விலை, இன்னொன்று நீ. ஸ்டாண்டில் செல்லப்பாண்டி தூரத்திலேயே கத்துவான்: "என்ன மாப்ளே, இன்னைக்குக் காய் எப்படி, மக எப்படி?" நான், "காய் படுத்துருச்சு மாப்ளே, மக எந்திரிச்சுட்டா" என்பேன். பொட்டிபுரம் பக்கம் மலைக்குள் ஆராய்ச்சிக்கூடம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்ட நாளில் நாலு பேர் என்னைச் சுற்றிக்கொண்டு, "ஒம்மகதான மலையைக் கொடையப்போறது?" என்று கேட்டார்கள். "எம்மக கொடையுறது எலியோட நுரையீரல, மலைய இல்லடா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். எலியைக் குடைவதில் என்ன பெருமை என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எண்ணைக் காட்டியிருப்பேன்.

அந்த எண்ணில் முக்கால்வாசி ஒரே ஒரு கட்டுரையிலிருந்து வருகிறது என்பதை அன்றைக்குத்தான் சொன்னாய். உங்கம்மா வேலை செய்கிற தோட்டத்தைப் பார்க்க வருகிறேன் என்று விடியற்காலையில் என்னோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாயே, அன்றைக்கு. உங்கம்மா பின்னால் மற்ற பொம்பளைகளோடு சளசளத்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது கொண்டை ஊசியில் பேச ஆரம்பித்தாய். சின்ன வயதில் அந்த இடத்தில்தான் வாந்தியெடுக்க ஆரம்பிப்பாய், ஞாபகம் வந்தது. ஆனால் சொல்லவில்லை, பார், அவ்வளவு மரியாதையாக இருந்தேன். நீ சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், பிசகினால் திருத்து. உடம்புக்குள் காவல்காரர்கள் மாதிரி வெள்ளை அணுக்கள் திரிகின்றன. அதில் ஒரு வகை, மற்ற காவல்காரர்கள் அளவுக்கு மீறி அடிக்கும்போது "போதும், அடங்குங்கடா" என்று அடக்கி வைக்கும். நம் வீட்டில் உங்கம்மா பார்க்கிற வேலை. நுரையீரலில் இந்த அடக்கும் அணு எது என்று கூட்டத்தில் தனியாகக் கண்டுபிடிக்க நீ ஒரு வழி சொன்னாய். ஒரு மருந்தைப் போட்டால் அது அந்த அணுவில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு மினுங்கும், மினுங்குவதை எண்ணிக்கொள்ளலாம் என்று எழுதினாய். உலகம் பூராவும் அதையே வைத்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது நீயே வேறு விதமாகச் சோதித்துப் பார்த்ததில், அந்த மருந்து வேறொரு அணுவிலும் ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்துபோயிற்று. அப்படியென்றால் நீ எண்ணியதில் பாதி அந்த அணுவே இல்லை.

"வேணும்னு செய்யலப்பா. அப்ப இருந்த சோதனையில அது தெரியல" என்றாய். அது எனக்கும் தெரியும் தாயி. ஏழு வயதில் தோட்டத்தில் குளவி கொட்டி, ஒரு மாதம் கழித்து மறுபடியும் கொட்டியபோது, "ரெண்டாவது தடவ மட்டும் ஏம்ப்பா இவ்வளவு வீங்குது, ஒடம்புக்கு மொதக் குளவிய ஞாபகம் இருக்குமா?" என்று அழுகையை நிறுத்திக் கேட்டவள் நீ. "ஒங்கம்மா ஒடம்புதான ஒனக்கு, நான் கல்யாணத்தன்னைக்குச் சொன்னதையே அவ இன்னும் மறக்கல" என்றேன். நீ அதற்கும் சிரிக்காமல், கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அந்தப் புள்ளை வேண்டுமென்று எண்ணிக்கையைக் கூட்டி எழுதாது.

அப்புறம் சொன்னதுதான் கஷ்டமான பாகம். உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற சாரிடம் சொன்னாயாம். "இப்பப் போயி எதுக்குக் கெளறணும், அடுத்த கட்டுரையில ஒரு ஓரமா நாசூக்காச் சொல்லிக்கலாம்" என்றாராம். உனக்கென்று தனி ஆய்வுக்கூடம் கொடுக்கிறோம் என்று அழைத்திருக்கிறார்களே, அந்த அழைப்பே அந்தக் கட்டுரைக்காக வந்ததுதானாம். இந்த நேரத்தில் நீ வாயைத் திறந்தால் அது என்னாகும் என்று தெரியாதாம். இதற்கு நடுவில் வேறொரு ஊரிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் உனக்கு எழுதியிருந்தாளே, அதைப் போனில் திறந்து எனக்குத் தமிழில் சொன்னாய். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து இரண்டு வருடமாக உன் வழியில்தான் செய்துகொண்டிருக்கிறாள், ஒரு தடவையும் நீ சொன்னபடி வரவில்லை. "எங்கே தப்புப் பண்றேன்னு தெரியல மேடம், ஒருவேளை என் கை சரியில்லையோன்னு தோணுது" என்று எழுதியிருந்தாள். அதற்கு நீ இன்னும் பதில் போடவில்லை என்றாய். "நான் என்னப்பா பண்ணட்டும்?" என்றாய்.

நீ என்னிடம் யோசனை கேட்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது! எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு, எந்த ஊர், எதையும் நீ கேட்டதில்லை, கேட்டாலும் சொல்ல எனக்குத் தெரியாது. முதல் தடவையாகக் கேட்டாய். நான் கியரை மாற்றிக்கொண்டே, "விடு தாயி. ஊரே ஒத்துக்கிட்டத நீ ஏன் கெளறுற? பேசாம வேலையில சேரு. அந்தப் புள்ள ரெண்டு நாள்ல தானா மறந்துரும்" என்றேன்.  போடிமெட்டு தாண்டி, அந்தப் பெரிய வளைவில் திரும்பும்போது வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாய்: "இங்கதானப்பா அந்த மரம் விழுந்துச்சு?"

"ஆமா" என்றேன்.

மரம் விழவில்லை தாயி.

அந்தக் கதை உனக்கு மனப்பாடம். நீ ஒன்பதாவது படித்தபோது, உங்கம்மாவோடு காய் எடுத்த பேச்சியக்கா கை ஒடிந்த கதை. நடந்ததை இப்போது சொல்கிறேன். ஆடி மாதம், காலை ஏழு மணிக்கு மேலேயே மஞ்சு இறங்கி ரோட்டை மூடிவிட்டது. மஞ்சு விழுந்தால் நம் ஜீப்காரர்களின் வழக்கம் உனக்குத் தெரியும். ரோடு எவனுக்கு மனப்பாடமோ அவன் முன்னால் போவான். மற்றவர்கள் ரோட்டைப் பார்க்கவே மாட்டார்கள், முன்னால் போகிறவனின் பின்பக்கத்துச் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு வருவார்கள். அவன் திரும்பினால் திரும்புவார்கள், நின்றால் நிற்பார்கள். அன்றைக்கு முன்னால் போனவன் நான். எனக்குப் பின்னால் ஒரு ஜீப், அதற்குப் பின்னால் கடைசியாகச் செல்லப்பாண்டி. மூன்று வண்டியிலும் பொம்பளைகள். அந்தப் பெரிய வளைவில் ரோடு இடது பக்கம் ஒடியும், நேராக ஒரு எஸ்டேட் பாதை போகும் அல்லவா? நான் ஒடிக்காமல் நேராகப் போய்விட்டேன்.

இருபது அடிக்குள் தெரிந்துவிட்டது. டயருக்குக் கீழே தார் போய்க் கல் வந்தது, ஸ்டீயரிங் கையில் உதறியது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்னால் நடந்துபோய், "தப்பா வந்துட்டேண்டா, திருப்புங்க" என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் பாதை அகலம், மூன்று வண்டியும் தாராளமாகத் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. ஏன் தெரியுமா? அதற்கு முந்தின நாள்தான் செல்லப்பாண்டி ஒரு தோட்டத்து ஆட்களை இன்னொரு தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்திருந்தான். அதை வைத்துச் சாயங்காலம் பூராவும் அவனை ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருந்தேன். ஸ்டாண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாளே நான் வழி தவறினால் அவன் சும்மா விடுவானா? அடுத்தவனைக் கேலி செய்தே பெரிய ஆளானவன் நான், என்னைக் கேலி செய்ய ஒரு நாளைக்குக்கூட இடம் கொடுக்க மனசு வரவில்லை. மேலே போய் எப்படியும் ரோட்டில் சேரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிதித்தேன். சேரவில்லை. பூட்டிய கேட்டுதான் வந்தது.

அங்கே பாதை ஒடுக்கம். கடைசியாக வந்தவன்தான் முதலில் பின்னால் எடுக்க வேண்டும். செல்லப்பாண்டி மஞ்சுக்குள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு எடுத்தான். பின்சக்கரம் ஓரத்து ஓடையில் இறங்கி வண்டி சாய்ந்தது. கடைசியில் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்த பேச்சியக்கா கீழே விழுந்து, வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டு ஒடிந்தது. அக்கா கத்தக்கூட இல்லை, "கை, கை" என்று மட்டும் சொன்னாள். செல்லப்பாண்டி என் சட்டையைப் பிடித்தான். "ஏண்டா மாப்ளே, இந்தக் காட்டுப் பாதையில எதுக்குடா கூட்டியாந்தே?" என்றான். என் வாய் யோசிக்கவே இல்லை. "ரோட்டுல மரம் விழுந்து கெடந்துச்சுடா. அதான் சுத்திக் கூட்டியாந்தேன். நீ பின்னால பாத்து எடுத்திருக்கணும்ல?" என்றேன். திரும்பிப் போகும்போது மரத்தைக் காணோமே என்று ஒருத்தி கேட்டாள். "எஸ்டேட்காரங்க வெரசா வெட்டி எடுத்துட்டாங்க" என்றேன். பொய்க்குப் பொய் முட்டுக் கொடுப்பதில் எனக்கு அன்றைக்கு அவ்வளவு சுறுசுறுப்பு.

ஏலக்காய் எடுப்பது என்ன வேலை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. செடியின் தூரில் குனிந்து, தரையோடு படர்ந்து கிடக்கிற சரத்தில் பிஞ்சை விட்டுவிட்டு விளைந்ததை மட்டும் விரல் நுனியால் கிள்ள வேண்டும். பேச்சியக்காவின் கை கோணலாகக் கூடியது, கிள்ளும் விரல் இரண்டும் சேர மாட்டேன் என்றன. அத்தோடு தோட்டத்து வேலை போயிற்று. அப்புறம்தான் போடிமெட்டில் டீக்கடை போட்டாள். செல்லப்பாண்டி அடுத்த வாரத்திலிருந்து ஆளேற்றுவதை நிறுத்திவிட்டு மூட்டை மட்டும் ஏற்ற ஆரம்பித்தான். நல்ல ட்ரைவர், ஏன் நிறுத்துகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். "ஆளேத்துற கை இல்லண்ணே இது" என்று கையை விரித்துக் காட்டினான். நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மரம் வளர ஆரம்பித்துவிட்டது. முதலில் நான் சொன்னது நடுத்தரமான ஒரு மரம். அடுத்த வருடம் அது இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற மரமாகிவிட்டது. நான் கூட்டாவிட்டாலும் மற்றவர்கள் கூட்டினார்கள். பார்த்ததாகவே ஒருவர் சத்தியம் செய்தார். பிறகு அந்த வளைவுக்கே "மரம் விழுந்த வளைவு" என்று பேர் வந்துவிட்டது. நீ போன மறுநாள் ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்த ட்ரைவர் ஒருத்தன், மீசை முளைத்து நாலு மாதம் இருக்கும், என் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தான். அந்த வளைவில் எனக்கே கை நீட்டிக் காட்டுகிறான்: "மாமா, இதுதான் மரம் விழுந்த வளைவு. பெரிய ஈட்டி மரமாம். ஒரு நா பூராம் வண்டியே போகலையாம்." எவன் சொன்னான் என்றேன். "எல்லாருந்தான் சொல்றாங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சொன்ன அந்த எண் என்னவென்று அப்போதுதான் சரியாகப் புரிந்தது. உனக்கு முன்னாலேயே எனக்கு இந்த மலையில் எண் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது தாயி. எத்தனை ட்ரைவர்கள், எத்தனை வருடம், இன்னார் சொன்னார் இன்னார் சொன்னார் என்று! அத்தனை பேர் சொன்ன பிறகும் ரோட்டில் மரம் இல்லை.

இரண்டாவது நினைப்பும் அங்கேயே வந்தது. "என் கை சரியில்லையோ" என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள் என்றாயே. அதை ஜீப்பில் கேட்டபோது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது, பிடிபடவில்லை. அந்த வளைவில் பிடிபட்டது. செல்லப்பாண்டியின் விரித்த கை.

உனக்கு எழுத நோட்டை எடுத்து நாலு நாள் ஒரு எழுத்தும் ஓடவில்லை. நான் செய்யாததை உன்னைச் செய் என்று எந்த வாயால் சொல்வது? ஐந்தாம் நாள் போடியில் ஏலக்காய்க் கடை வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த செல்லப்பாண்டியிடம் போனேன். "மாப்ளே, மரம் விழலடா. நான் வழி தவறிட்டேன். தெரிஞ்சும் நிப்பாட்டல" என்றேன். அவன் முதலில் கேலி என்றுதான் நினைத்தான், என் ராசி அப்படி. "போடா, லோடு ஏத்தணும், சோலி கெடக்கு" என்றான். மறுபடியும் சொன்னேன். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தான். அடிப்பான் என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அவன் அடிக்கவில்லை. "அப்ப நான் சரியாத்தான் ஓட்டிருக்கேனாடா?" என்று கேட்டான். "சரியாத்தான் ஓட்டுன. அந்த எடத்துல எவன் எடுத்தாலும் எறங்கியிருக்கும்" என்றேன். அதையே மறுபடியும் கேட்டான். ஐம்பத்தேழு வயது ஆள், சின்னப்புள்ளை மாதிரி. நானும் மறுபடியும் அதையே சொன்னேன். பிறகு எழுந்து, என்னைப் பார்க்காமலேயே மூட்டையைக் கட்ட ஆரம்பித்தான்.

மறுநாள் பேச்சியக்கா. டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். இடது கையால் ஆற்றுவாள், வலது கை டம்ளரைத் தாங்குவதோடு சரி. "யக்கா, அந்த மரம் விழலக்கா" என்றேன். "எந்த மரம்?" என்றாள். சொன்னேன். முழுவதும் சொன்னேன், கேலிக்குப் பயந்ததையும் சொன்னேன். பாதியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "ஒரு சிரிப்புக்குப் பயந்துதானாய்யா?" என்றாள். ஆமாக்கா என்றேன். "நீ தெனமும் இங்கன வந்து ஒக்காந்து, 'யக்கா, இந்தக் கைய வச்சுக்கிட்டு நல்லா டீ ஆத்துற'ன்னு கிண்டல் பண்ணுவ. நானும் சிரிச்சிருக்கேன்" என்றாள். மன்னிச்சிரு என்று ஆரம்பித்தேன். "போதும்யா. எந்திரிச்சுப் போ" என்றாள். எழுந்து போனேன்.

இப்படியெல்லாம் சொன்னால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே. எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஸ்டாண்டில் எனக்கு "மரம்" என்று பேர் வைத்துவிட்டார்கள். "மரம் வருது, வழிவிடு" என்கிறார்கள். அந்த மீசை முளைத்த பயல்கூட, "மாமா, நேராப் போகவா, ஒடிக்கவா?" என்கிறான். எதற்குப் பயந்து இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது முழுவதும் வட்டியோடு வந்துகொண்டிருக்கிறது. வரட்டும். தாங்க முடிகிறது. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன், தாங்க முடிகிறது.

உங்கம்மாவுக்கும் பேச்சியக்காவுக்கும் எப்படிப் பழக்கம் என்று தெரியுமே. விஷயம் தெரிந்ததும் உங்கம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் விஷயத்தைச் சொன்னபோது முதலில், "அவ பட்ட பாடு போதாதா? ஒங்க பாவத்துக்கு அவளையும் இழுத்து விடுறீங்களா?" என்று சண்டைக்கு வந்தாள். நியாயமான கேள்வி, அதையும் நீ யோசி. அந்தப் பெண் எழுதியதைச் சொன்னேன். உங்கம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "எழுதுங்க. ஆனா அவ அழுது போன் பண்ணா நீங்கதான் எடுக்கணும், எங்கிட்ட நீட்டக் கூடாது" என்றாள். எடுக்கிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் பண்ணு.

உன் தப்பும் என் தப்பும் ஒன்றில்லை. நான் தெரிந்தே மிதித்தேன், நீ தெரியாமல் திரும்பினாய். ஆனால் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. டயருக்குக் கீழே கல் உதறுகிறது. நீ இன்னும் அந்த இருபது அடிக்குள்தான் இருக்கிறாய், பாதை இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது. இறங்கிப் பின்னால் நடந்துபோய்ச் சொல். உன் சார் கோபித்துக்கொள்ளலாம். அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை, அவர் சொன்னதையேதான் நானும் சொன்னேன். கட்டுரையில் பேர் போட்ட மற்றவர்களிடமும் முதலில் சொல்லிவிடு, அவர்கள் யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆய்வுக்கூடம் தருகிறோம் என்றவர்களுக்கும் நீயே சொல். அந்த வேலை போனால் போகட்டும் என்று லேசாகச் சொல்ல மாட்டேன். நீ அதற்காக எத்தனை தீபாவளிக்கு ஊருக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். போனால் வலிக்கும். வேறொன்று தேடலாம், இல்லாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இரு. ஆனால் இதைச் சொல்லாமல் அதில் போய் உட்காராதே. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பதினெட்டு வருடம் அனுபவம் உள்ளவன் சொல்கிறேன். பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டு, ஒருத்தன் தன் கையை விரித்துக் காட்டுவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பத்திரிகைக்கு எழுத உனக்கு நாள் ஆகும். பெரிய எழுத்து, பெரிய மனிதர்கள். அந்தப் பெண்ணுக்கு எழுத நாள் ஆகாது. அதை முதலில் எழுது. இந்த நோட்டை மூடின கையோடு எழுது. காரணம், விளக்கம் எல்லாம் அடுத்த வரியில் வைத்துக்கொள். முதல் வரியில், உன் கையில் தப்பில்லை அம்மா என்று எழுது. செல்லப்பாண்டி அதை என்னிடம் இரண்டு தடவை கேட்டான். அவளும் கேட்பாள். இரண்டு தடவையும் சொல்.

இன்றைக்குக் காலையில் ஸ்டாண்டில் செல்லப்பாண்டி வண்டி மூட்டை இல்லாமல் நின்றது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்களைப் பார்த்து, "பூப்பாறைக்கு ரெண்டு பேரு ஏறுங்க" என்றான். இரண்டே பேர்தான். ஒருத்தி உங்கம்மா. என் ஜீப்பில் இடம் இருந்தும் இறங்கிப் போய் அதில் ஏறிக்கொண்டாள். எனக்கு முன்னால் அவன் போனான். மேலே லேசாக மஞ்சு இருந்தது. அவனுடைய சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் வந்தேன். அந்த வளைவில் சரியாக இடது பக்கம் ஒடித்தான்.

பேச்சியக்கா கடைக்குத் தினமும் போய் உட்காருகிறேன். முதல் மூன்று நாள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள், என்னைத் தாண்டிப் போனாள். நான்காம் நாளிலிருந்து ஒரு டம்ளரைக் கொண்டுவந்து ணங்கென்று வைக்கிறாள். பேச்சில்லை, சீனியும் இல்லை. நான் கேட்கவில்லை. குடித்துவிட்டு வருகிறேன்.

உன் போனை எதிர்பார்த்து,
இனிமேல் காலையில் காய் விலையை மட்டும் பார்க்கப்போகிற,
சீனியில்லாத டீ குடிக்கும் உன் அப்பன்.